சைக்கிள், டென்ட், காட்டுச்சாலை, முன்பின் தெரியாத மனிதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் கடலூர், வேதாரண்யம், தொண்டி, தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரி. அங்கிருந்து தென்காசி, ஸ்ரீவில்லிபுத்தூர், தேனி, மூணாறு, உடுமலை, வால்பாறை, சத்தியமங்கலம் என்று மலையை ஒட்டியே ஏறினால் ஆசனூர். இந்தத் தடத்தில் சைக்கிளில் போய்வருவது என் வழக்கம். சில சமயம் தோழிகளோடு, பெரும்பாலும் தனியாக. டென்ட், தூங்குபை, சின்ன அடுப்பு எல்லாம் சைக்கிளிலேயே தொங்கும்.

கிளம்ப நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி மிருகங்களைப் பற்றியது, பாதி மனிதர்களைப் பற்றியது. இரண்டுக்கும் நான் சொல்வதில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மிதிக்காதீர்கள். எரிச்சலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

காட்டுக்குள் டென்ட் அடிக்கலாமா?

கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டு வீடியோக்களில் ஏரிக்கரையில் தனி டென்ட், பக்கத்தில் கணப்பு என்று பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். நம் ஊர் மலையடிவாரத்தில் அந்த ஏரிக்கரைக்கு ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் வேறு.

தீ அதைவிடப் பெரிய விஷயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிப்ரவரி பிறந்துவிட்டால் புல் சருகாகக் காய்ந்து கிடக்கும். மலையில் நான் அடுப்பைப் பையிலிருந்து வெளியே எடுப்பதே கிடையாது. டீக்கடை இருக்கிறது, போதும்.

அப்படியென்றால் ராத்திரி எங்கே தங்குவது?

ஊருக்குள். பள்ளிக்கூடத் தாழ்வாரம், கோயில் மண்டபம், சர்ச் வளாகம், ஊராட்சி அலுவலகத் திண்ணை, தோட்டத்து மோட்டார் ரூம், பெட்ரோல் பங்க். இதில் பங்க்தான் என் முதல் தேர்வு. ராத்திரி முழுக்க ஆள் இருப்பார்கள், கேமரா இருக்கும், கக்கூஸ் இருக்கும், தண்ணீர் வரும். தொல்லை என்னவென்றால் விளக்கு அணையாது, லாரி சத்தம் ஓயாது. ஆபீஸ் அறைக்குப் பின்பக்கம் இடம் கேளுங்கள். அங்கே அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

முன்பின் தெரியாதவரிடம் எப்படிப் போய் இடம் கேட்பது? கூச்சமாக இருக்காதா?

இருக்கும். டீ ஒன்று சொல்லுங்கள், கூச்சம் போய்விடும்.

ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்காருங்கள். நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டாம். மூட்டை முடிச்சோடு ஒரு சைக்கிள் வந்தால் ஊர் தானாகக் கேட்கும். “எங்கிருந்து வர்றீங்க?” “சென்னை.” “சைக்கிள்லயேவா?” இந்த மூன்றாவது வரி வந்ததும், “இன்னிக்கு ராத்திரி இங்கயே தங்கிட்டுக் காலையில கிளம்பலாம்னு பாக்குறேன், டென்ட் போட எடம் இருக்குமா?” என்று போட்டுவிட வேண்டும். டீ ஆற்றுகிறவர் ஒருவர் பெயரைச் சொல்வார். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் வேறொருவர் பெயரைச் சொல்வார். இருவரும் கொஞ்ச நேரம் வாதாடுவார்கள். கடைசியில் ஒரு பையன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் போக, நீங்கள் பின்னால் போவீர்கள்.

இதெல்லாம் நாலரை மணிக்கு நடக்கும். எட்டு மணிக்கு நடக்காது. இருட்டிய பிறகு தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்தால் ஊருக்குச் சந்தேகம்தான் முதலில் வரும், அது நியாயமும்கூட. சாவி வைத்திருப்பவர் சாப்பிட்டுப் படுத்திருப்பார். வெளிச்சத்தில் விருந்தாளியாகத் தெரிகிற அதே ஆள் இருட்டில் திருடனாகத் தெரிவார்.

வழியில் என்னென்ன கேட்பார்கள்?

கடற்கரைப் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி: “என்ன வேண்டுதல்?” நடந்தோ சைக்கிளிலோ இவ்வளவு தூரம் வருகிறவர் வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ நேர்ந்துகொண்டுதான் வந்திருப்பார் என்பது அவர்கள் கணக்கு. சும்மா ஊர் பார்க்க என்று சொன்னால் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும். ராமநாதபுரம் பக்கம், “வீட்ல எப்படித் தாயி விட்டாக?” உடுமலை தாண்டினால், “அம்மணி தனியாவா வந்தீங்க?” பிறகு சம்பளம், கல்யாணம், குழந்தை, சைக்கிள் விலை. விலையை மட்டும் நான் உண்மையாகச் சொல்வதில்லை.

ஒரு கேள்வி கொஞ்சம் சுற்றி வளைத்து வரும். “உங்க சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு?” எதற்காகக் கேட்கிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பதிலைப் பொறுத்துப் படுக்கக் காட்டும் இடம் மாறுகிற ஊர்கள் இன்றும் இருக்கின்றன. பயணக் கட்டுரைகளில் இதை யாரும் எழுதுவதில்லை; கிராமம் என்றாலே வெள்ளந்தி மனசு என்று முடித்துவிடுகிறார்கள். நான் ஊர்ப் பெயரையும் வேலையையும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். மேலும் துருவினால் நன்றி சொல்லிவிட்டுப் பங்க்கைத் தேடிப் போவேன். பங்க்கில் யாரும் தெரு கேட்பதில்லை.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? காசு வாங்குவார்களா?

நெடுஞ்சாலை ஓரத்தில் மெஸ் இல்லாத பத்து கிலோமீட்டர் கிடைப்பது அபூர்வம். நான் அவல், வெல்லம், கடலைமிட்டாய், எலுமிச்சம்பழம் மட்டும் வைத்துக்கொள்வேன். பெரும்பாலான பெரிய கோயில்களில் மதியம் அன்னதானம் உண்டு.

கடலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே திரும்பி வடலூர் போங்கள். 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. யார், எவர் என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். மேலே சொன்ன தெருக் கேள்விக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் சமையற்கட்டிலிருந்து பதில் சொல்லியிருக்கிறார் என்று அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்குத் தோன்றும்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனியை நோக்கிப் போகும் எந்தச் சாலையில் நீங்கள் இருந்தாலும் கையில் காசு தேவையில்லை. காரைக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். வழிநெடுக மோர், பானகம், சுக்குக் காபி, தட்டில் பொங்கல். சைக்கிள்காரருக்கும் உண்டு. மறுத்தால்தான் கோபம் வரும்.

வேதாரண்யம் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1930 ஏப்ரலில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து உப்புச் சத்தியாகிரகத்துக்கு நடந்தபோது, அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் உத்தரவு போட்டார். சனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கொடுத்தது யார் என்று தெரியாது, ஆனால் நடப்பவர்களுக்குச் சாப்பாடு கிடைத்தது.

காசு விஷயம்: வீட்டில் சாப்பிட்டால் பணம் நீட்டாதீர்கள், அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். அந்த வீட்டுக் குழந்தைக்கு நோட்டு, பென்சில், பழம் என்று வாங்கிக் கொடுக்கலாம். கடையில் ‘வேண்டாம்’ என்றால் இன்னொரு முறை நீட்டுங்கள். அது அவர்கள் பிழைப்பு.

யானை வந்தால் என்ன செய்வது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்தப் பாதையில் முக்கால்வாசித் தூரம் யானையே கிடையாது. மூணாறிலிருந்து சின்னாறு வழியாக உடுமலை இறங்கும் சாலை, வால்பாறை, பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையும் ஆசனூரும், முக்கியமாக இந்த மூன்று இடங்களில் கவனம்.

சைக்கிளுக்கு ஒரு தனிப்பிரச்சினை உண்டு: சத்தமே இல்லை. பஸ் வருவது யானைக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே தெரியும், ஒதுங்கிவிடும். சைக்கிள் வளைவில் திரும்பியதும் எதிரெதிரே நின்றுவிடுவீர்கள். திடுக்கிட்ட யானைதான் ஆபத்து. அதனால் வளைவு வருமுன் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ போங்கள். மணியை விடாமல் அடித்து விரட்டும் வேலை வேண்டாம். இருபக்கமும் மூங்கில் அடர்ந்து முன்னால் எதுவும் தெரியாத இடத்தில் ஒரு பஸ்ஸுக்கோ லாரிக்கோ காத்திருந்து அதன் பின்னால் போவது உத்தமம்.

சாலையில் யானை நின்றால் நூறு மீட்டருக்கு முன்பே நின்றுவிடுங்கள். சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு நில்லுங்கள், அது போகட்டும். பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். ஒன்று சாலையைக் கடந்ததும் உடனே மிதிக்காதீர்கள். குட்டியும் மற்றவையும் பின்னால் வரும். காதை விரித்து நிறுத்தி, தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அது போகச் சொல்கிறது என்று அர்த்தம். கன்னத்தில் மதநீர் வழிந்த கோடு தெரிந்தால் பார்த்த தூரத்திலிருந்தே திரும்பிவிடுங்கள். ஏற்றத்தில் சுமையோடு மணிக்கு ஆறேழு கிலோமீட்டர்தான் போகமுடியும். யானையோ 20-க்கு மேல் வரும். கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை.

ஆசனூர் பக்கம் காராப்பள்ளம் சோதனைச்சாவடி அருகே ஒரு வேடிக்கை நடக்கும். கரும்பு லாரிகள் அந்த வழியாகத்தான் போக வேண்டும், யானைகளுக்கு அது தெரியும். ஒருநாள் காலை நான் போனபோது லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. முன்லாரியின் பக்கவாட்டில் ஒரு பெண்யானை, பக்கத்திலேயே குட்டி. தும்பிக்கையை மேலே ஏற்றிக் கட்டுக்கயிற்றைத் தடவிப் பார்த்து, கயிறு தளர்வாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நாலைந்து கழியை உருவியது. அவசரமே இல்லை. தோகையை உதறிக் காலால் மிதித்து அறுத்துவிட்டு, தண்டைக் குட்டியின் பக்கம் தள்ளியது. டிரைவர்கள் கரும்பை எறிந்து பழக்கப்படுத்தக் கூடாது என்று வனத்துறை எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே யாரும் எறியவில்லை, தானே எடுத்துக்கொண்டது.

நான் கடைசி லாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். கிளீனர் தம்பி இறங்கி வந்து என்னையும் சைக்கிளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அக்கா, உங்களுக்கு என்ன அவசரம்? சைக்கிளை மேல போடுங்க, நீங்க கேபின்ல ஏறுங்க” என்றான். கேபினில் ஏறினேன். முழுத் தூரத்தையும் மிதித்தே கடந்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற வீம்பு உள்ளவர்களுக்கு இந்தச் சாலை சரிப்படாது.

காட்டுச்சாலையில் சைக்கிளை விடுவார்களா?

சாவடிக்குச் சாவடி மாறும். திம்பம் பாதையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. முதுமலையைத் தாண்டி கர்நாடகத்தின் பந்திப்பூருக்குள் போனால் அங்கும் அதே நேரத்தில் 2009 முதல் தடை. பகலிலும் சைக்கிளைத் தனியாக விட மாட்டோம் என்று வனக்காவலர் சொன்னால் சட்டம் பேசாதீர்கள். ராத்திரி எந்த யானை எங்கே நின்றது என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. பெரும்பாலும் அவரே ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி ஏற்றிவிடுவார்.

எப்படியும் மலைப்பாதையைக் காலை ஏழு மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. சுமையோடு எவ்வளவு நேரமாகும் என்பதைத் தாராளமாகவே கணக்குப் போடுங்கள்.

வால்பாறையில் சிறுத்தை உண்டாமே?

உண்டு. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே காட்டுத்துண்டுகள், அவற்றுக்கு நடுவே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். சிறுத்தை அந்தி நேரத்தில் புதர் ஓரமாக வரும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு தேயிலைச் செடி ஓரமாக ஒதுங்கி உட்காராதீர்கள். குனிந்து உட்கார்ந்திருக்கிற மனுஷர் அதன் கண்ணுக்குச் சின்ன உருவம்.

ஆனால் இங்கே டென்ட்காரர்களுக்குச் சிறுத்தையைவிட யானைதான் விஷயம். சமவெளியில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும் தங்கலாம் என்றேன் அல்லவா? வால்பாறையில் அதையே தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, உப்பு வாசத்துக்கு யானைகள் ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும்தான் உடைக்கின்றன. அவற்றை ஒட்டி டென்ட் போட்டால் நீங்கள் நடுவழியில் படுத்திருக்கிறீர்கள். வால்பாறையில் நான் டென்டை அவிழ்ப்பதே இல்லை, லாட்ஜில் அறை எடுத்துவிடுவேன்.

யானை நடமாட்டத்தை முன்கூட்டியே சொல்ல அங்கே செல்பேசிக் குறுஞ்செய்தியும், செல்பேசியாலேயே இயக்கும் சிவப்பு விளக்குக் கம்பங்களும் இருக்கின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆராய்ச்சியாளர்கள் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. அந்த விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது. எதிரே வரும் எஸ்டேட் ஆட்களிடமும் விசாரித்துக்கொண்டே போங்கள்.

கரடி? காட்டுமாடு?

கரடி விடியற்காலையும் அந்தியும். நேருக்கு நேர் திடீரென்று சந்திக்காமல் இருப்பதுதான் ஒரே வழி, பேசிக்கொண்டே போங்கள். காட்டுமாடு நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும். சுற்றிக்கொண்டு குறுக்கே புகாமல் இருந்தால் பிரச்சினையில்லை. மழை சமயத்தில் அட்டை கடிக்கும், உப்போ மூக்குப்பொடியோ வைத்திருங்கள். உயிர் போகாது.

பாம்பு?

இதற்கு டென்ட்தான் மருந்து. கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலியும் தெரியாது, தடமும் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, இமை சொருகல் என்று தொடங்கும். கோயில் மண்டபத்தில் காற்றாட வெறுந்தரையில் படுக்க ஆசையாக இருந்தாலும் டென்டின் உள்வலையை மட்டுமாவது கட்டி ஜிப்பை முழுக்க மூடிவிட்டுப் படுங்கள். ராத்திரி எழுந்தால் டார்ச், காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுவது. அரிசி, தீனி சிந்தினால் எலி வரும், எலி பின்னால் பாம்பு வரும்.

கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஆட வைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். அந்த மருந்துக்கு வேண்டிய விஷம் கணிசமாக நீங்கள் போகும் கடற்கரைச் சாலையிலேயே, வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. முதல்நாள் சவாரியிலேயே வருகிற இடம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் அடையாளம் தெரிந்துகொண்டு போகலாம்.

இந்தப் பயணத்திலேயே ஆபத்தான மிருகம் எது?

நாய். சிரிக்காதீர்கள். யானையைப் பார்க்காமலே பயணம் முடிந்துவிடும், நாய் துரத்தாத நாள் இருக்காது. சுழலும் சக்கரத்தைத்தான் அது துரத்துகிறது. வேகமெடுத்தால் இன்னும் உற்சாகமாகிவிடும். நிறுத்தி இறங்குங்கள், சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், குனிந்து கல்லெடுப்பதுபோல் பாவனை செய்யுங்கள். அதற்குள் எந்த வீட்டிலிருந்தாவது “டேய் மணி!” என்று ஒரு குரல் வரும்.

பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்த தவணையை அடுத்த ஊரில் போட்டுக்கொள்ளலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள், வெறிநோய்க்கு வந்தபின் மருந்து இல்லை. கிளம்புமுன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

குரங்கு கடித்தாலும் இதே வைத்தியம்தான். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மலையில் நிற்காமல் இருந்தால் அந்த வைத்தியம் தேவைப்படாது. சைக்கிள் பையின் ஜிப்பைத் திறக்க அவற்றுக்குத் தெரியும்.

ஆற்றில், அணையில் குளிக்கலாமா?

பார்த்து. கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கமும், அமராவதி அணையிலும் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தும் இறங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சோழமண்டலக் கரை முழுக்க எனக்குப் பிடித்த குளியல் பம்ப்செட்தான். தோட்டத்துக்காரரிடம் கேட்டால், “த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போடுறேன், வந்து குளிச்சிக்கம்மா” என்பார். சோப்பு நுரை வாய்க்காலில் போகாமல் குளியுங்கள்.

கடற்கரையில் டென்ட் அடிக்கலாமா?

சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ரோந்துப் போலீஸ் எழுப்பிவிடும். தெற்கே மீனவர் ஊர்களில் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் கோயில் பக்கத்திலோ வலைக்கூடத்திலோ இடம் காட்டுவார்கள். கடற்கரை விடியற்காலையில் பலருக்கும் கழிப்பிடம் என்பதை நினைவில் வைத்து இடம் தேர்ந்தெடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம். வெளிச்சம் பட்டால் ஏறாமலே திரும்பிவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடலென்று நினைத்து விளக்கைப் பார்த்து நடக்கும். தலைவிளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காருங்கள். ஆமை கிடைத்தால் தூரத்திலிருந்து பாருங்கள், படம் வேண்டாம்.

பயப்படாமல் பார்க்க என்ன இருக்கிறது?

கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து உப்பளங்களைத் தாண்டிப் போனால் வெளிமான்கள். அவற்றுக்காகவே 1967-இல் அமைந்த சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரைகளும். ஆழியாறிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு சாலைச் சுவரிலேயே நிற்கும். நம் மாநில விலங்கு ஓசியில் பிஸ்கட் தின்னப் பழகிவிட்டது, தயவுசெய்து நீங்களும் கொடுக்காதீர்கள். புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி. குளிர்காலத்தில் கண்மாயில் பறவைகள் அடைகாக்கும் என்பதற்காக கொள்ளுக்குடிப்பட்டி ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே டீக்கடையில் உட்கார்ந்து பறவையைப் பற்றிக் கேட்டால், சொந்தக்காரர் வீட்டு விருந்தாளி வந்துபோகும் கணக்கைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

நான் போகிறேன். எந்த ஊரிலும் முதலில் ஒரு பெண்ணிடம் பேசுங்கள்: பூக்காரம்மா, அங்கன்வாடி டீச்சர், சத்துணவு ஆயா. அவர் உங்களைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் ராத்திரி யாரும் டென்ட் பக்கம் வரமாட்டார்கள், அவர் வீட்டு வாசலிலேயே இடமும் கிடைக்கும். நாளை எந்த ஊர் போகிறீர்கள் என்பதைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். ‘அண்ணன் பின்னால் வண்டியில் வருகிறார்’ என்ற பொய்யை நான் தயங்காமல் சொல்வேன்.

பஞ்சர் ஆனால்?

ஆகும். ராமநாதபுரம் பக்கம் சாலையோரம் முழுக்கச் சீமைக் கருவேல முள். டயருக்குள் பட்டை போட்டுக்கொண்டு போங்கள், இரண்டு டியூப் கூடுதலாக. மெல்லிய வால்வு டியூப் என்றால் பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றுப் பிடிக்க ஒரு சின்னப் பித்தளை மாற்றி வேண்டும், மறக்காதீர்கள்.

தொண்டி தாண்டி ஒரு பஞ்சர் கடைப் பெரியவர். டியூபைத் தண்ணீர்த் தட்டில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தவில்லை. டயரின் உட்பக்கம் பெருவிரலை வைத்து ஒரு சுற்று முழுக்கத் தடவி, நின்று, இடுக்கியால் நகக்கண் அளவு முள் நுனியை எடுத்துக் காட்டினார். “இத விட்டா நாலு கிலோமீட்டர்ல திரும்பப் போயிரும்.” ஒட்டியதற்கு மட்டும் வாங்கிக்கொண்டார். முன்சக்கரத்துக்கும் அடித்துக் கொடுத்ததற்கு எவ்வளவு என்றேன். “காத்துக்கெல்லாம் காசு வாங்குவாகளா?”

எந்த மாதம் கிளம்பலாம்?

பொங்கல் முடிந்ததும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், குளம் நிறைந்திருக்கும், தைப்பூசமும் கிடைக்கும். பிப்ரவரி நடுவில் மலையேறிவிட வேண்டும். மார்ச்சுக்கு மேல் காடு காய்ந்து, யானைகள் தண்ணீரைத் தேடி உடுமலைச் சாலையைக் கடந்து அமராவதி அணைக்கு இறங்கத் தொடங்கும்.

உதவுகிறேன் என்று வருகிறவர்மேல் சந்தேகம் வந்தால்?

கிளம்பிவிடுங்கள். காரணம் தேட வேண்டாம். ராத்திரி நேரத்தில் தொந்தரவு தருவது அநேகமாகக் குடித்துவிட்டு வருகிறவர்கள். பாதிப்பேர் பேசிவிட்டுப் போய்விடுவார்கள், மீதிப்பேர் போக மாட்டார்கள். வாக்குவாதம் செய்யாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். டாஸ்மாக் கடைக்கும் படுக்கும் இடத்துக்கும் ஒரு கிலோமீட்டராவது இருக்கட்டும். இடம் கேட்கும்போதே டீக்கடையில் இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.